வளத்துக்குப் போர் வழியல்ல



இயற்கை வளத்துக்காகப் போர் தொடுப்பது ஒருபோதும் நியாயமாகாது. 1990-இல் எண்ணெய்ப் பூசலைச் சொல்லிக் குவைத்துக்குள் புகுந்த ஈராக், மறு ஆண்டு பின்வாங்கும்போது 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. எதற்காகப் படையெடுத்ததோ அதுவே புகையாகிப் போனது. எண்ணெய் வேறு, உயிர் காக்கும் தண்ணீர் வேறு என்பார்கள்; ஆனால் தண்ணீரிலும் கதை அதுதான். 1991-இல் காவிரி நீர்ப் பங்கீடு குறித்த இடைக்கால உத்தரவையொட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த வன்முறையால் யாருக்கும் ஒரு சொட்டு நீர்கூட அதிகம் கிடைக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம்தான், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. தீர்ப்பு இருந்தும் உரிய நீர் வராத மாதங்கள் உண்டே என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும், தட்டிக் கேட்க ஒரு கணக்கும் ஓர் ஆணையமும் இன்று இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஊரான நெடுவாசல் மக்களும் 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை அறவழியில்தான் எதிர்த்து நின்றார்கள். ஆயுதம் வளத்தை அழிக்கும். பேச்சும் சட்டமுமே பங்கிட்டுத் தரும்.

– ஒரு வாசகர், கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்