சாரலும் கணினியும்

ஆனியும் ஆடியும் வரின் குற்றாலச் சாரலை நாடாதார் யாவர்? அருவியாடி மீள்வோருட் பலர், தென்காசிக்கு அணித்தாகிய மத்தளம்பாறை என்னும் சிற்றூரை அறியார். 1996-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் வேம்பு முதலியோரால் தொடங்கப்பெற்று, 2009-இல் சோஹோ எனப் பெயர் பூண்ட கணினி நிறுவனத்தின் அலுவலகம் ஆங்குளது. கல்லூரிப் பட்டம் பெறாத இளைஞரையும் பயிற்றி வேலையில் அமர்த்தும் பள்ளியையும் அந்நிறுவனத்தார் நடாத்துகின்றனர். 2021-இல் அவர்கள் வெளியிட்ட செய்திச் செயலிக்கு, நம் தெருப் பேச்சினின்றே 'அரட்டை' எனப் பெயரிட்டனர். 2025-இல் அப்பெயர் நாடெங்கும் பரவியது.

இது மகிழ்ச்சியே. ஆயினும் யான் வினவ விழைவது வேறொன்று. செயலிக்குத் தமிழ்ப்பெயர் அமைந்தது. நிரல் எழுதும் நம் இளைஞர் தம்முள் அந்நிரலைப்பற்றி ஆராயும் பேச்சுக்குத் தமிழ் ஆகாதோ?

சென்ற சாரற்காலத்தே, ஐந்தருவிச் சாலையில் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கியிருந்தேன். அருகே நிரலாளர் இருவர் கணினியை விரித்துவைத்து உரையாடினர். இளையவர் எழுதிய நிரல், கணக்கில் எப்பொழுதும் ஒன்றைக் குறைத்தே காட்டியது. மூத்தவர் ஆங்கிலச் சொற்களை அடுக்கி விளக்கினார்; இளையவர் தலையசைத்தாரேயன்றித் தெளிந்திலர். பின்னர் மூத்தவர், "தம்பி, பத்து இடைவெளி விட்டு வேலி கட்டினால் எத்தனை கம்பு ஊன்ற வேண்டும்?" என்றார். "பதினொன்று, அண்ணாச்சி" என்ற இளையவர், மறுகணமே நகைத்துத் தம் பிழையைத் திருத்தினார். அவர் அறிவிற்குக் குறைவில்லை. அறிவை எட்டும் மொழியே அதுவரை வாராதிருந்தது.

"உலகத்து நிரலாளர் அனைவரும் ஆங்கிலத்தில் அளவளாவ, நாம் மட்டும் தமிழிற் பேசித் தனித்திருப்பதோ?" என்பர் ஒரு சாரார். ஆங்கிலத்தை விடுக என யான் கூறவில்லை. நிரற்கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருப்பினும் இழுக்கில்லை. ஆயின் ஐயம் வினவுதற்கும் தவறு காட்டுதற்கும் தாய்மொழி தடையின்றி வழங்கல் வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் மாணவன் வினவ நாணி வாயடைத்திருப்பின், இழப்பு அவனுக்கு மட்டுமன்று. அவன் கண்டிருக்கக்கூடிய புதுமையை இழக்கும் நாட்டிற்குமாம்.

இது முடியாததன்று. 1847-இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ? நெல்லையில் வட்டத்தொட்டி கூட்டிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்ததும் இக்குற்றாலமே. கவிதையைக் கூடியிருந்து ஆராய்ந்த அவ்வழக்கை, நிரலை ஆராய்தற்கும் நாம் கைக்கொள்ளலாம்.

பாபேலில் மொழிகள் பிரிந்தமையால் மாந்தர் கோபுரப்பணியைக் கைவிட்டுச் சிதறினர் என வேதம் கூறும். பெந்தெகொஸ்தே நாளிலோ மொழிகள் ஒன்றாகிவிடவில்லை. அவரவர் தத்தம் மொழியிலேயே கேட்டுணர்ந்தனர். கல்விக்கு வழி பின்னையதே. தமிழ் பயிலும் நாமும் கணினி பயிலும் நண்பரும் வாரம் ஒருமுறையேனும் ஒரு மரநிழலிற் கூடி, அவர் கலையைத் தமிழிற் பேசத் தொடங்குவோமாக. சொற்கள் தாமே வந்து சேரும்.