சொந்தக் காரா, குத்தகைக் காரா? "மாசத்துக்கு எத்தனை நாள் ஓடும்?" அதுதான் கேள்வி!

சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி உண்டு. சொந்தத் தொழில் செய்பவருக்கு அது கிடையாது. கார் வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்று யோசிக்கும்போது முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

மேற்கு மாம்பலத்தில் சொந்தத் தொழில்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணச் சமையல் காண்டிராக்டர், வைதீகர், ஆடிட்டர், டியூஷன் வாத்தியார், ஏ.சி. மெக்கானிக் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காலையில் அம்பத்தூர், மத்தியானம் மயிலாப்பூர், சாயந்திரம் தாம்பரம் என்று அலைகிறவர்கள். "ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் கொடுத்தே கட்டுப்படியாகலை. பேசாம ஒரு காரைப் போட்டுடலாம்" என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு இருக்கிறதா?

ஒரு காலத்தில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் ஆசை வந்தது. இன்று காத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் வண்டி வாசலுக்கு வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பம்!

8 லட்ச ரூபாய் கணக்கு

எல்லாச் செலவும் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது 8 லட்சம் ஆகும் கார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து ஒன்றரை லட்சம். மீதி ஆறரை லட்சம் ஒன்பதரை சதவீத வட்டியில் 5 வருடக் கடன். மாதத் தவணை சுமார் 13,650 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் வருடத்துக்கு 40,000. ஐந்து வருடம் கழித்து வண்டி மூன்றரை லட்சத்துக்குப் போகிறது.

கூட்டிக் கழித்தால் கார் வைத்திருப்பதற்கான உண்மைச் செலவும் மாதம் 13,650 ரூபாய்க்கே வந்து நிற்கிறது. பெட்ரோல் தனி.

இதே காரைக் குத்தகைக்கு விடுபவர் இன்சூரன்ஸ், சர்வீஸ் உள்பட மாதம் 18,000 கேட்டால், 60 மாதத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் அதிகம் போகும். கடைசியில் வண்டியும் கையில் நிற்காது. ஆனால் ஒன்றரை லட்சம் முன்பணம் தேவையில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. தேவைப்படும் நாளில் மட்டும் டிரைவரோடு வண்டி அமர்த்துவது. பெட்ரோல் உள்பட நாளுக்கு 2,500 ரூபாய் என்றால், மாதம் 7 நாளுக்குக் குறைவாகக் கார் வேண்டியவருக்கு இதுதான் லாபம். 7 நாளுக்கு மேல் போனால்தான் சொந்தக் கார் ஜெயிக்கும். அதுவும் ஸ்டியரிங்கைத் தானே பிடிப்பவருக்கு! ஆக்டிங் டிரைவருக்கு நாளுக்கு 1,000 கொடுப்பவர் என்றால் 14 நாளாவது ஓட வேண்டும்.

விலையும் கூலியும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே போன வருட டைரியை எடுத்து, கார் உண்மையில் தேவைப்பட்ட நாட்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

"வரி மிச்சமாகும் சார்!"

ஷோரூமில் சொல்லும் இந்த வார்த்தையை அப்படியே நம்பக் கூடாது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை குத்தகைக் காரில் வரி மிச்சம் பிடிக்கிறார் என்றால், அது கம்பெனி அவர் சம்பளத்தோடு சேர்த்துச் செய்து கொடுக்கும் ஏற்பாடு. மாமனாரின் சொந்தத் தொழிலுக்கு அது பொருந்தாது.

முறையாகக் கணக்குப் புத்தகம் எழுதுபவர், கார் விலையில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். மார்ச்சுக்குள் 180 நாள் ஓடாத புது வண்டிக்கு முதல் வருடம் அதில் பாதிதான். குத்தகை எடுத்தவர் வாடகையைச் செலவாகக் காட்டலாம். இரண்டிலும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போய்வந்த பங்கு சேராது.

வருமானத்தை உத்தேசக் கணக்கில் காட்டுபவர் கதை வேறு. ஆடிட்டர், டாக்டர் போன்றவர்கள் வருட வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை, பாதியை வருமானம் என்று காட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படிக் காட்டியவருக்குத் தேய்மானமும் கிடையாது, குத்தகை வாடகைக் கழிவும் கிடையாது. கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வரி ஒன்றுதான்!

ஜி.எஸ்.டி.யும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல சேதி. ஆனால் டாக்சி ஓட்டுவது, டிரைவிங் ஸ்கூல் நடத்துவது போன்ற தொழில் தவிர மற்றவர்களுக்கு, கட்டிய வரியைத் திரும்ப வரவு வைக்க வழியில்லை. வாங்கினாலும் சரி, குத்தகை என்றாலும் சரி.

ஆடிக்கு முகூர்த்தம் இல்லை, தவணை உண்டு!

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலி. சமையல் காண்டிராக்டருக்கு வரவு இல்லை. பாங்கிக்காரருக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. தை மாத வரும்படியைப் பார்த்துத் தவணை போட்டுக்கொண்டவர் ஆடியில் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டிவரும். மந்தமான மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுதான் தவணை.

குத்தகைக்காரரும் தப்ப முடியாது. பாதியில் வண்டியைத் திருப்பினால் அபராதம், குறித்த கிலோமீட்டரைத் தாண்டினால் தனிக் கட்டணம், திருப்பும்போது கீறல் இருந்தால் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன்பு படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

"சும்மா நிற்கிற நாளில் வாடகைக்கு விட்டால் தவணை வந்துடுமே" என்று சிலருக்கு யோசனை வரும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம்.

மழைத் தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மாம்பலம் பட்ட பாடு ஊரறிந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜினுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். குத்தகை வண்டி என்றால் வெள்ளச் சேதம் யார் தலையில் என்று எழுதி வாங்க வேண்டும். கார் நிறுத்த இடமில்லாமல் தெருவில் விடுபவருக்கு இது இரட்டிப்புக் கவலை.

ஆக, தினமும் கார் ஓடினால்தான் பிழைப்பு என்பவர் சின்னதாக, சொந்தமாக வாங்கலாம். பழைய வண்டியானாலும் குறைவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு மட்டும் கார் தேவை, முன்பணம் தொழிலில் முடங்கக் கூடாது என்பவருக்குக் குத்தகை. மாதம் நாலைந்து நாள் மட்டும் போகிறவர் வண்டி அமர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம். சமையல் காண்டிராக்டரின் அண்டா குண்டா எப்படியும் குட்டி யானையில்தான் போகப் போகிறது!

வாசலில் கார் நின்றால் நாலு பேர் மதிப்பார்கள் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த நாலு பேரும் ஆடி மாதத் தவணையைக் கட்ட வரமாட்டார்கள்.