விளக்கு வழிகாட்டட்டும், விரட்ட வேண்டாம்!

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி செருப்பு. கணியம்பாடியில் ஒரு சிறுமி அதற்காகக் காத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வருகிறது. திறந்தால், அளவு வேறு! சிறுமியின் முகம் வாடிவிடுகிறது.

தவறு எங்கே? பொருளைப் பிரித்து அனுப்பும் கிடங்கில் இருக்கலாம். எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று இடம் மாறினால், இரண்டு வீடுகளுக்கு ஏமாற்றம்!

இதைத் தடுக்க, பெரிய கிடங்குகள் சிலவற்றில் விளக்கு வைத்திருக்கிறார்கள்.

சுவர்போல் நீளமான ஓர் அலமாரி. அதில் பல அறைகள். ஓர் அறை, ஒருவர் கேட்ட பொருள்களுக்கு. ஒவ்வோர் அறையிலும் ஒரு சிறிய விளக்கு. தொழிலாளி ஒரு பொருளை எடுத்து, அதன் பார்கோடு கோடுகளைக் கருவியிடம் காட்டுகிறார். உடனே, உரிய அறையில் விளக்கு எரிகிறது! எத்தனை வைக்க வேண்டும் என்ற எண்ணும் தெரிகிறது. பொருளை வைத்துப் பொத்தானை அமுக்கினால், விளக்கு அணைகிறது.

இந்த அலமாரி தபால்காரர்களுக்குப் புதிது அல்ல. கடிதங்களை ஊர் ஊராகப் பிரிக்க அறை அறையான அலமாரிகளை அவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். 1972 ஆகஸ்டு 15-ந் தேதி பின்கோடு வந்தது. கணியம்பாடிக்கு 632102. ஆறு எண்கள், மனப்பாடச் சுமையைக் குறைத்தன.

இப்போது விளக்கு அதையும் குறைத்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெண்ணும் இந்த வேலையை விரைவில் பழகலாம். நல்லதுதான்!

ஆனால், மறுபக்கமும் உண்டு. பொத்தானை அமுக்குவதைக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். மணிக்கு எத்தனை என்று கணக்குச் சொல்லும். "இன்னும் வேகம்" என்று கேட்க, அந்தக் கணக்கே போதும். விளக்குக்குக் கால் வலிக்காது. குனிந்து நிமிர்ந்து, நாள் முழுவதும் நிற்பவருக்கு வலிக்கும்!

கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இருக்கை, விளக்கு எரியும் அலமாரியின் அருகிலும் வேண்டும். ஓய்வு நேரமும் வேண்டும். எல்லோரிலும் வேகமானவரை வைத்து, மற்றவர்களுக்கு அளவு வகுக்கக் கூடாது.

முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு. பெட்டியில் பார்கோடு மாறி ஒட்டியிருந்தால், விளக்கும் தவறான அறையைத்தான் காட்டும். "இது மாறியிருக்கிறதே!" என்று கண்டுபிடிப்பது மனிதக் கண். ஓடும் கைக்கு அதைப் பார்க்க நேரம் ஏது?

சிறுமிக்குச் சரியான செருப்பு வந்து சேரட்டும். அதைப் பிரித்து அனுப்பிய தாயும் கால் வலி இல்லாமல் வீடு வந்து சேரட்டும்!