தெம்பு டப்பாவில் இல்லை!

‘‘என்னன்னே தெரியல, ஒரே அசதியா இருக்கு!’’ என்று வீட்டு அம்மா சொன்னால் என்ன நடக்கிறது? முதல் நாள் குளுக்கோஸ் தண்ணீர். மறுவாரம் சத்துபானம். அடுத்த மாதம் டானிக். காசு கரைகிறதே தவிர, அசதி போவதில்லை. ஏன்?

குளுக்கோஸும் கொழுப்பும் 500 ரூபாய் நோட்டு மாதிரி. டவுன் பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் முறைப்பாரே, அதே கதைதான் செல்லுக்குள்ளும். அங்கே செல்லுபடியாவது சில்லறை மட்டும். அந்தச் சில்லறையின் பெயர் ஏ.டி.பி. 1929-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோகூடத் தேறாது. ஆனால், ஒரு நாளில் செலவாவதோ கிட்டத்தட்ட நம் உடம்பின் எடை அளவுக்கு! செலவானதையே உடனுக்குடன் புதுப்பித்து, திரும்பத் திரும்ப உபயோகிக்கிறது செல். இந்தச் சில்லறை மாற்றும் கவுன்ட்டர்தான் மைட்டோகாண்ட்ரியா. ஆக்ஸிஜன் கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெறும் 2!

அந்த ஆக்ஸிஜனைச் சுமந்து வருவது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யவும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்துவிட்டால், நோட்டை மேலும் மேலும் கொட்டி என்ன பிரயோஜனம்? கவுன்ட்டரில் கூட்டம்தான் சேரும்!

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. முக்கியமானது இரும்புச் சத்துக் குறைவு. அப்பாவுக்கு மாதாமாதம் சுகர் டெஸ்ட் எடுக்கிறோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியைச் சாப்பிடும் அம்மாவுக்குக் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தோம்? யோசித்துச் சொல்லுங்கள்!

வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தவருக்கு குளுக்கோஸ் கைகொடுக்கும். மாதக்கணக்கில் நீடிக்கிற அசதிக்கு அது மருந்தே அல்ல. முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. டாக்டர் சொன்னால் இரும்பு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். சாப்பாட்டில் கீரை, பயறு, அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரல். கூடவே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டவே வேண்டாம். அது இரும்பைச் சேரவிடாது.

ரத்த அளவு சரியாக இருந்தும் அசதியா? தைராய்டு, சுகர் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இந்த மாத பட்ஜெட்டில் டானிக்குக்கு ஒதுக்கிய பணத்தில், முதலில் அந்த ரத்தப் பரிசோதனை!