முதல் டிரோனுக்கே வேகம் வேண்டுமா?

மாணவர்களே, கண்களில் திரைக்கண்ணாடி அணிந்து, டிரோனின் கேமரா காட்டும் காட்சியைப் பார்த்தபடியே அதை ஓட்டும் பந்தயம் உங்களில் பலரைக் கவர்ந்திருக்கும். 2018இல் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த உலகப் போட்டியில் வென்ற ஆஸ்திரேலியர் ரூடி பிரவுனிங்கிற்கு அப்போது வயது 15தான்.

அதற்காக, முதலிலேயே பந்தய டிரோன் வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்காதீர்கள். காரணம் அறிவியல்தான். இயக்கச் சக்தி, பொருண்மையோடும் வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. 30 கிராம் குட்டி டிரோன் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலும், 600 கிராம் பந்தய டிரோன் 100 கிலோமீட்டர் வேகத்திலும் பறப்பதாக வைத்துக்கொள்வோம். பொருண்மை 20 மடங்கு, வேகம் 4 மடங்கு. சக்தியோ 320 மடங்கு! சுங்கைப்பட்டாணி, கூலிம் வீடமைப்புப் பகுதிகளில் வீடுகள் நெருக்கம். தோட்டத்துத் திடலிலோ தம்பி தங்கைகள் ஓடியாடுவார்கள்.

எனவே, முதலில் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் வாங்கிக் கணினியில் பறக்கப் பழகுங்கள். அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. அடுத்து, விசிறிகளுக்குக் காப்பு வளையமுள்ள குட்டி டிரோனை வீட்டுக் கூடத்தில் ஓட்டுங்கள். டிரோன் தானாகச் சமநிலை காக்கும் முறையை நிறுத்திவிட்டு, முழுவதும் உங்கள் கையால் ஓட்டத் தெரிந்த பிறகே 5 அங்குல விசிறியுள்ள பந்தய டிரோன். அப்போதும் அலோர்ஸ்டார் விமான நிலையம் போன்ற இடங்களின் அருகே அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

மரம் சீவும் அப்பாவின் ஒரு மாத உழைப்பு, அதே இரப்பர் மரத்தில் மோதி நொறுங்க ஒரு நொடி போதும். திறமை வளரட்டும், வேகம் பின்னால் வரும்.