காலனை வென்றவரும் கற்க வேண்டியது

நகைச்சுவைப் படந்தானே என்று நாம் ஒதுக்கிவிடும் சிலவற்றிலும் சிந்திக்கத்தக்க பொருள் உண்டு. 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'பில் அன்ட் ரெட்ஸ் போகஸ் ஜேர்ணி' அத்தகையது. 1989இல் வந்த படத்தின் தொடர்ச்சி இது. கலிபோர்னியாவில் வாழும் பில், ரெட் என்னும் இணைபிரியா நண்பர் இருவருக்கும் றொக் இசையே உயிர். கித்தார் வாசிக்கத்தான் தெரியாது!

வருங்காலத்திலிருந்து அனுப்பப்பட்ட, தம் உருவையே கொண்ட இயந்திர மனிதரால் அவ்விருவரும் கொல்லப்படுகின்றனர். காலன் எதிர்ப்படுகிறான். இங்மார் பேர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) என்னும் படத்திலே, சிலுவைப்போரினின்று மீண்ட வீரன் காலனோடு சதுரங்கம் ஆடித் தோற்றான். இவர்களோ சிறுவர் விளையாட்டுக்களை ஆடியே வெல்கின்றனர்! தோல்வியை ஒப்பாத காலன், மீண்டும் மீண்டும் ஆடித் தோற்று, ஈற்றில் அவர்களுக்கே துணைவனாகிறான்.

எனினும், உயிர்பெற்று மேடையேறிய பின்னரும் கித்தார் வசப்படவில்லை. கால யந்திரத்தில் ஏறிச் சென்று, 16 மாதங்கள் அயராது பயின்று, தாடியும் மீசையுமாக மறுகணமே திரும்பிய பின்னர்தான் இசை பிறக்கிறது. காலனையும் காலத்தையும் ஏமாற்றியவர்களாற்கூடப் பயிற்சியை ஏமாற்ற முடியவில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் தேடும் எம் மாணவரிடமோ கால யந்திரமும் இல்லையே!