கல்லுக்கு ஓர் எண்: பெரம்பலூர், அரியலூர் புதைபடிவப் பதிவுகளுக்கான கொள்கைப் பிரகடனம்

பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கடியில் கிரெட்டேசியக் காலக் கடல் உறைந்து கிடக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. ஆனால் பதிவுகள் பிரிந்தே கிடந்தன. ஒரு புதைபடிவத்தின் விவரங்கள் அனைத்தையும் ஒரே எக்செல் தாளில், ஒரே வரியில் திணிக்கும் முறை தோற்றுவிட்டது. புதிய ஒழுங்கை நாங்கள் அறிவிக்கிறோம்.

புதைபடிவக் கல் ஒன்று, அதைப் பற்றிய கருத்துகள் பல. எனவே கல், இடம், பாறை அடுக்கு, உயிரின அடையாளம் ஆகிய நான்குக்கும் தனித்தனி அட்டவணை; நான்கையும் பிணைக்க, மாறாத எண்கள். கல்லின் எண்ணில் ஊர்ப் பெயரும் இராது, உயிரினப் பெயரும் இராது.

பெயர்களின் நிலையாமை எங்கள் மண்ணின் அனுபவம். 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தபோது இப்பகுதி திருச்சி ஜில்லா. 1995-இல் பெரம்பலூர் அதிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-இல் மறுபடி பிரிந்தது. 'மாவட்டம்' என்ற ஒற்றைக் கட்டத்தில் இவ்வரலாறு அடங்காது. அட்சரேகையும் தீர்க்கரேகையுமே இடத்தின் ஆதாரம். மாவட்டப் பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற குறிப்போடு மட்டுமே இடம்பெறும்.

கருத்தின் நிலையாமைக்குக் கல்லமேடு கிராமம் சான்று. அங்கே கிடைத்த புருஹத்காயோசாரஸ் 1980-களில் ஊனுண்ணி டைனோசராக அறிவிக்கப்பட்டது. பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாகத் திருத்தப்பட்டது. எலும்புகள் உதிர்ந்துபோயின, படங்களும் எழுத்துமே எஞ்சின. ஆகவே பழைய அடையாளத்தை அழித்து அதன்மேல் புதியதை எழுதுவதை மறுக்கிறோம். சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதைக் கண்டு சொன்னார் என்ற மூன்றும் ஒவ்வொரு கருத்தோடும் நிற்கும்.

வெற்றுக் கட்டத்தை 'இல்லை' என்று படிக்கும் சோம்பலையும் மறுக்கிறோம். இல்லாதது வேறு, தேடப்படாதது வேறு, தெரியாதது வேறு.

சாத்தனூரின் 18 மீட்டர் கல்மரத்துக்குக் காவல் உண்டு. ஆனால் காரை ஓடைகளில் ஒவ்வொரு மழைக்கும் வெளிப்பட்டுச் சிதையும் சிறு சிப்பிக்குப் பதிவே வேலி.

ஆய்வேடு எழுதும் மாணவர்களே, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உழைப்போரே, ஓடைக்கரைகளில் ஆடு மேய்ப்போரே! கல்லைக் கையில் எடுக்கும் முன், கிடந்த இடத்திலேயே படமெடுங்கள். கைப்பேசி காட்டும் இடக்குறியீட்டைக் குறித்துவையுங்கள். முதலில் எண்ணிடுங்கள், பிறகு பெயரிடுங்கள்.